கைராசி என்றால் என்ன? நோயாளியின் நம்பிக்கை உருவாகும் விதம்

எங்கள் அம்மாச்சிக்குக் காய்ச்சல் வந்தால் தெருமுனையில் கிளினிக் வைத்திருந்த ஒரே ஒரு மருத்துவரிடம்தான் போவார். அவரைவிடப் பெரிய படிப்புப் படித்தவர்கள் அதே ஊரில் நான்கு பேர் இருந்தார்கள். "அவர் கை பட்டாலே பாதி நோய் போய்விடும், கைராசிக்காரர்" என்பார். அதே அம்மாச்சி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுத்த ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வாங்கிவந்து, அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் போட்டுவைத்திருந்தார். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், "கவர்மெண்ட் மாத்திரையில் பவர் இருக்காது" என்று பதில் வந்தது. அட்டைகள் தேதி கடந்து கிடந்தன.

ஒருவர் நாடியைப் பிடித்ததுமே தெம்பு வருகிறது. இன்னோர் இடத்தில் கொடுத்த மருந்தை விழுங்கவே மனம் ஒப்பவில்லை. நோயாளி மருத்துவத் துறையின் மீது வைக்கும் நம்பிக்கை என்று அறிஞர்கள் பேசுவது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். அது எதனால் ஆனது, எப்படி வளர்கிறது, எங்கே உடைகிறது என்பதைத் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

வெண்டைக்காயும் அறுவை சிகிச்சையும்

சந்தையில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிறோம். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். அறுவை சிகிச்சையை அப்படி ஒடித்துப் பார்த்து வாங்க முடியாது. எனக்கு என்ன நோய் என்பது மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அதற்கு என்ன மருந்து என்பதையும் அவரே சொல்கிறார். குணமான பிறகுகூட, மருந்து வேலை செய்ததா, உடம்பு தானாகத் தேறியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரையில் இதைச் சுட்டிக்காட்டினார். விற்பவருக்குத் தெரிந்ததற்கும் வாங்குபவருக்குத் தெரிந்ததற்கும் இடையே இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கும்போது, மற்றப் பொருள்களுக்கான சந்தைக் கணக்கு மருத்துவத்துக்குப் பொருந்தாது என்றார். அந்தப் பள்ளத்தின் மேல் போடும் பாலம்தான் நம்பிக்கை.

ஆகவே இப்படி வரையறுக்கலாம்: என்னை நானே காத்துக்கொள்ள முடியாத நிலையில் நான் இருக்கிறேன், எதிரில் இருப்பவர் என் நன்மையை முன்வைத்தே நடப்பார் என்று எதிர்பார்த்து என் உடம்பை அவரிடம் ஒப்படைக்கிறேன். மயக்க ஊசி போடப்பட்ட மனிதனைவிடக் கையறு நிலையில் இருப்பவர் யார்?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. திருப்தியும் நம்பிக்கையும் ஒன்றல்ல. "சாப்பாடு நன்றாக இருந்தது, கழிப்பறை சுத்தமாக இருந்தது, பில் சரியாக இருந்தது" என்பது திருப்தி. அது நடந்து முடிந்ததைப் பற்றியது. "நாளைக்கு என் பிள்ளைக்கு ஒன்று என்றால் இங்கேதான் கொண்டுவருவேன்" என்பது நம்பிக்கை. அது இனி நடக்கப்போவதைப் பற்றியது. டிஸ்சார்ஜ் நேரத்தில் நம் கையில் திணிக்கப்படும் கருத்துப் படிவங்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் கேட்கின்றன.

மார்க் ஹால் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2001-இல் இந்த நம்பிக்கையைப் பிரித்துப் பார்த்தார்கள். இவர் என் பக்கம் நிற்பாரா, இவருக்கு வேலை தெரியுமா, உண்மையைச் சொல்வாரா, என் ரகசியத்தைக் காப்பாரா என்று நான்கு கேள்விகளாக அதைச் சொல்லலாம். ஐந்தாவதாக அவர்கள் வைத்தது, பிரித்துச் சொல்ல முடியாத, ஒட்டுமொத்தமான ஓர் உணர்வு. அந்த ஐந்தாவதைப் படித்தபோது எனக்கு அம்மாச்சி நினைவுக்கு வந்தார். ஏன் அவரிடமே போகிறீர்கள் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் போவார். கைராசி என்ற சொல்லை மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துச் சிரிப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். பல ஆண்டுக் கவனிப்பில் சேர்ந்த தீர்ப்பு அது.

ஆளை நம்புவது, அமைப்பை நம்புவது

கைராசி என்பது ஆளின் மீதான நம்பிக்கை. பெரியாஸ்பத்திரி மீது மக்கள் வைத்திருப்பது வேறு வகை. சென்னை அரசு பொது மருத்துவமனை 1664-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைவீரர்களுக்காகத் தொடங்கி, 1772-இல் இன்றைய இடத்துக்கு வந்தது. வடமாவட்டங்களிலிருந்து இரவு பஸ் ஏறி அங்கே வந்து நிற்பவர்களிடம், எந்த மருத்துவரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டால் பெயர் தெரியாது. "இங்கே எல்லா வசதியும் இருக்கிறது, எப்படியும் காப்பாற்றிவிடுவார்கள்" என்பார்கள். அவர்கள் நம்புவது கட்டடத்தையும் கருவியையும் அங்கே பழக்கமாகிப்போன ஓர் ஒழுங்கையும். தனியார் கிளினிக்கில் இது தலைகீழ். மருத்துவர் ஊர் மாறிப்போனால் கிளினிக்கை மூட வேண்டியதுதான்.

இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். ஒன்றையொன்று கெடுக்கவும் செய்யும். மருத்துவர் தங்கமானவராக இருந்து, ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் கையை நீட்டினால், வீட்டில் பேசப்படுவது கையை நீட்டிய கதைதான்.

நம்பிக்கை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குப் பரவியதற்கு மதுரையில் நல்ல உதாரணம் உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்ணில் கத்தி வைப்பது என்றாலே இருக்கும் பார்வையும் போய்விடும் என்று பயந்த காலம் அது. அவர்கள் கிராமங்களுக்குப் போய் முகாம் நடத்தினார்கள். கட்டணம் தருபவர்களுக்கும் இலவச நோயாளிகளுக்கும் அதே மருத்துவர்களே அறுவை செய்தார்கள். பார்வை திரும்பி ஊர் வந்து சேர்ந்த ஒரு பெரியவர், தெருவில் நடந்துபோகும்போது எதிரில் வருபவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அடுத்த முகாமுக்கு ஆள் சேர்க்க வேறு விளம்பரம் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வசதி குறைந்த நகர்ப்புற, கிராமப்புறப் பகுதிகளில் மக்களிடம் பேசி, மருத்துவரான விஜயபிரசாத் கோபிச்சந்திரன் இன்னொருவருடன் சேர்ந்து 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மருத்துவரின் திறமை, அவர் மீதான மரியாதை, பல ஆண்டுப் பிடிப்பு ஆகியவற்றோடு, இரண்டு விஷயங்கள் அதில் தனித்துத் தெரிந்தன. ஒன்று, கையில் காசு இல்லாவிட்டாலும், எந்த நேரமானாலும் பார்ப்பார் என்ற உறுதி. மேலைநாட்டு அளவுகோல்களில் இந்த வரிக்கு இடமில்லை. நம் ஊரில் இதுவே முதல் வரி. மற்றொன்று, அங்கே இருக்கும் குறைகளைப் பொறுத்துக்கொள்ளும் மனம்.

இந்த இரண்டாவது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கட்டில் கிடைக்காமல் தரையில் பாய் விரித்துப் படுத்தவர், "பரவாயில்லை, டாக்டர் நன்றாகப் பார்க்கிறார்" என்று சொல்வதில் பெருந்தன்மையும் இருக்கிறது, போக வேறு இடம் இல்லாததும் இருக்கிறது. அரசு மருத்துவமனை வாசலில் நிற்கும் கூட்டத்தைக் காட்டி, பாருங்கள் மக்களின் நம்பிக்கையை என்று பேசுவது எனக்கு ஒப்பாது. வழியில்லாமல் வருவதற்கும் நம்பி வருவதற்கும் வித்தியாசம் உண்டு. வேறு இடம் போக வசதி வந்த பிறகும் ஒருவர் அங்கேயே வருகிறாரா என்று பார்த்தால்தான் அது தெரியும்.

கவர்மெண்ட் மாத்திரை

அம்மாச்சியின் அலமாரிக்குத் திரும்புவோம். அரசு மருத்துவமனை மாத்திரை அட்டைகளின் பின்னால் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவாக்கப்பட்டது. மருந்து வாங்குவதில் நடந்த முறைகேடுகளும் தட்டுப்பாடும் அதற்குப் பின்னணி. அதன் பிறகு மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்தில் டெண்டர், மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் இருப்பதுபோல் ஒரு பாஸ்புக் என்று முறை வந்தது. வந்து சேரும் ஒவ்வொரு தொகுதி மருந்தும் வெளி ஆய்வகங்களில் சோதிக்கப்பட்டு, தேறிய பிறகே வார்டுக்குப் போகிறது. இந்த முறையைப் பார்த்து மற்ற மாநிலங்களும் இதேபோன்ற கழகங்களை அமைத்துக்கொண்டன.

ஆனால் இதில் எதுவும் அம்மாச்சியின் கண்ணில் படவில்லை. அவர் கண்ட காட்சி வேறு. நீண்ட வரிசை, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் முகம் நிமிராத ஒருவர், "காலை ஒன்று, இரவு ஒன்று" என்ற குரல், கையில் விழுந்த அட்டை. அட்டையில் விற்பனைக்கு அல்ல என்ற முத்திரை. விற்க முடியாத பொருள் எப்படி நல்ல பொருளாக இருக்கும் என்று அவர் நினைத்ததில் அவருடைய வாழ்க்கை அனுபவம் இருந்தது. ரேஷன் கடையில் எந்த அரிசி வந்தது என்று பார்த்தவர் அவர்.

இந்த இடத்தில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும்: நம்பத் தகுந்ததாக இருப்பது, நம்பப்படுவது. பிரிட்டிஷ் தத்துவப் பேராசிரியர் ஓனோரா ஓ'நீல் 2002-இல் பி.பி.சி. வானொலியில் ஆற்றிய உரைகளில் இதை அழுத்திச் சொன்னார். மக்களின் நம்பிக்கையை எப்படிக் கூட்டுவது என்று கேட்பதைவிட, நாம் நம்பத் தகுந்தவர்களாக இருக்கிறோமா, அதை மக்கள் சோதித்துப் பார்க்க வழி வைத்திருக்கிறோமா என்று கேட்பதே சரி என்பது அவர் வாதம். மாத்திரை தகுந்ததாகத்தான் இருந்தது. சோதித்துப் பார்க்கும் வழியும் இருந்தது. அந்த வழி அம்மாச்சியின் வீட்டு வாசல் வரை வரவில்லை, அவ்வளவுதான்.

நோயாளி கண்ணுக்குத் தெரிவது

மருத்துவரின் திறமையை நோயாளியால் அளக்க முடியாது. அதனால் தனக்குத் தெரிந்தவற்றை வைத்து அளக்கிறார். என் முகத்தைப் பார்த்தாரா? நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டாரா? வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்தாரா? "தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் சீட்டு எழுதிவிட்டார்" என்ற புகாரை எத்தனை பஸ் நிறுத்தங்களில் கேட்டிருக்கிறோம்!

1984-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கே பேசிவிடுகிறார் என்று தெரிந்தது. நேரமோ நாட்டுக்கு நாடு மாறுகிறது. 67 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2017-இல் வந்த ஆய்வின்படி, ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் வங்கதேசத்தில் 48 வினாடி, ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல். இந்தியா ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் நின்றது. காலை எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்கி, பத்தரைக்கு உள்ளே போய், இரண்டு நிமிடத்தில் வெளியே வருபவருக்கு எந்த மருத்துவரும் எதையும் விளக்கியிருக்க முடியாது. மருத்துவரைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. அவருக்கு முன்னால் இன்னும் இருநூறு பேர் நிற்கிறார்கள். ஆட்களை நியமிக்காத அமைப்பின் குறைக்கு, அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதர் திட்டு வாங்குகிறார்.

இருந்தாலும் குறைந்த நேரத்திலும் செய்யக்கூடியது உண்டு என்பதை நான் என் அம்மாவின் படுக்கையருகில் கற்றேன். பித்தப்பைக் கல்லுக்கு அறுவை. முதல் நாள் மாலை, மூன்று பக்கத்தில் ஆங்கிலப் படிவம் ஒன்றை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கள், எல்லோரும் போடுவதுதான்" என்றார் ஊழியர் ஒருவர். அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் படித்துச் சொல்வதற்குள் படிவம் கையைவிட்டுப் போய்விட்டது. அன்றிரவு அம்மா தூங்கவில்லை. பதினொரு மணிக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்த இரவுப் பணி சிஸ்டர் அதைக் கவனித்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் உள்ளங்கையை வயிறாகக் காட்டி, விரலால் நான்கு இடத்தில் தொட்டார். "இப்படி நான்கு சின்ன ஓட்டை போடுவார்கள் அம்மா. அதற்குள் விளக்கு, கேமரா எல்லாம் போகும். சில பேருக்கு உள்ளே ஒட்டிப்போயிருந்தால் திறந்து செய்ய வேண்டிவரும். அப்படி ஆனாலும் பயப்படாதீர்கள், அதற்கும் தயாராகத்தான் இருப்பார்கள்" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் போன பிறகு அம்மா புரண்டு படுத்துத் தூங்கிவிட்டார்.

சிக்கல் வரக்கூடும் என்று சொன்னதால்தான் அம்மாவின் பயம் குறைந்தது. இது பலருக்கு முரணாகத் தோன்றலாம். கெட்டதையும் மறைக்காமல் சொல்பவர், நல்லது என்று சொல்லும்போது அதை நம்பலாம் என்பது நோயாளியின் கணக்கு.

அந்தப் படிவத்துக்கு வருவோம். ஒப்புதல் கையெழுத்து என்பது மருத்துவமனைக்கான கவசம் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. நோய் என்ன என்று கண்டறிய மட்டும் ஒப்புக்கொண்டு மயக்கத்துக்குப் போன ஒரு பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும், வெளியே இருந்த அவருடைய தாயிடம் கேட்டு அகற்றப்பட்டிருந்தன. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது, சுயநினைவு திரும்பியதும் கேட்டிருக்கக்கூடிய ஒருவருக்காக அவருடைய தாய் ஒப்புதல் தர முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. சிகிச்சை என்ன, அதன் பலன் என்ன, ஆபத்து என்ன, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்குப் புரியும்படி சொல்லிய பிறகு பெறுவதே ஒப்புதல். அந்த சிஸ்டர் சட்டம் படித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. சட்டம் கேட்டதை ஸ்டூலில் உட்கார்ந்து செய்தவர் அவர்தான்.

பணம்

தனியார் மருத்துவமனையில் நோயாளியின் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஸ்கேன் எனக்காகவா, அவர்களுக்காகவா? மார்க் ஹால் குழுவினரின் நான்கு கேள்விகளில் முதலாவது, இவர் என் பக்கம் நிற்பாரா என்பது, இதுதான். நோயாளியை அனுப்பிவைத்ததற்குக் கமிஷன் வாங்குவதை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. அப்படி ஒரு விதி எழுத வேண்டியிருந்தது என்பதே சந்தேகம் வெறும் கற்பனை அல்ல என்று காட்டுகிறது. தேவையான ஸ்கேனை எழுதிய நேர்மையான மருத்துவரும் இதனால் அடிபடுகிறார். நோயாளிக்கு இருவரையும் பிரித்தறியத் தெரியாதே.

அரசு மருத்துவமனையில் பெரிய பில் கிடையாது. சின்னக் கைகள் உண்டு. பிரசவ வார்டில் ஆண் குழந்தை என்றால் ஒரு தொகை, பெண் குழந்தை என்றால் ஒரு தொகை என்று கேட்கப்பட்ட கதை நம் உறவில் யாரிடமாவது இருக்கும். இருநூறு ரூபாய் சின்னத் தொகையாக இருக்கலாம். எல்லாம் இலவசம் என்று சுவரில் எழுதியிருக்கும் இடத்தில் அதைக் கேட்கும்போது, சுவரில் எழுதிய மற்ற வாக்கியங்களும் பொய்யாகின்றன.

தவறு நடந்த பிறகு

மருத்துவத்தில் தவறே நடக்காது என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நடந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் மக்கள் கூர்ந்து பார்க்கிறார்கள்.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி வெளிவந்தது. வேறு ஒரு காரணத்துக்காகத் தனியாரிடம் பரிசோதனை செய்துகொண்டபோது தனக்குத் தொற்று இருப்பதை அறிந்த ரத்தக் கொடையாளியே மருத்துவமனைக்குத் தகவல் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவ்விளைஞர் பிறகு தற்கொலை செய்துகொண்டார். பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் உத்தரவிட்டது. அந்த நாள்களில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று சொன்னாலே குடும்பங்கள் பதறின. அந்தப் பதற்றத்தில் அறியாமை எதுவும் இல்லை. தப்பு செய்தவர் தானே கண்டுபிடித்துச் சொல்லாத இடத்தில், பாதிக்கப்படக்கூடியவர் பதறத்தான் செய்வார்.

தமிழ்நாடு சரியாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பேறுகாலத்தில் தாய் இறந்தால், அந்த மரணத்தை அப்படியே விட்டுவிடாமல், எங்கே தாமதம், யாருடைய தாமதம், எதைச் செய்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாக விசாரிக்கும் தணிக்கை முறையை 1990-களிலேயே இங்கே தொடங்கினார்கள். இறந்தவர் வீட்டுக்கே போய்க் கேட்டார்கள். சாதாரண மக்களுக்கு இந்தத் தணிக்கை பற்றி அதிகம் தெரியாது. அதன் விளைவைத்தான் அவர்கள் பார்த்தார்கள்: 24 மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், பிரசவ அறையில் பெண் உறவினர் ஒருவர் உடனிருக்க அனுமதி, முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்தொகை, சுகாதார நிலையத்திலேயே கர்ப்பிணிகளுக்கு வளைகாப்பு. என் அம்மாச்சி ஐந்து பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றவர். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. மூன்றில் இரண்டு பங்கு அரசு மருத்துவமனைகளில். இரண்டு தலைமுறைக்குள் ஒரு சமூகம் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. வளையல் சத்தத்தோடு ஒருமுறை போய்வந்த இடத்துக்கு வலி எடுத்ததும் போவதில் தயக்கம் இருக்காது.

வதந்தி எங்கே முளைக்கிறது

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, ஊசி போட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பறந்தன. பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. முகாமின் நாள்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று. போலியோ சொட்டு மருந்துக்கு வரிசையில் நின்ற அதே தமிழ்நாடு!

வாட்ஸ்அப்பைத் திட்டுவது எளிது. வதந்தி, முன்பே ஈரமான மண்ணில்தான் முளைக்கும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்யப்பட்டது. பலருக்கு அது வற்புறுத்தலால் நடந்தது. பல ஆண்டுகள் கழித்து உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து மலட்டுத்தன்மை தரும் என்று வதந்தி கிளம்பியபோது, அந்தக் கதையை நம்பியவர்கள் வானத்திலிருந்து பிடித்து நம்பவில்லை. வீட்டில் ஒரு தாத்தாவோ மாமாவோ இருந்திருப்பார். பள்ளிக்கூடத்தில் நடந்த தடுப்பூசி முகாமிலும், பெற்றோருக்கு முன்கூட்டி எடுத்துச் சொல்லாமல் துண்டுக் காகிதம் மட்டும் போன இடங்களில், அந்த வெற்றிடத்தை யாரோ ஒருவருடைய குரல் பதிவு நிரப்பியது.

கத்தி

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த பெண்ணின் மகன், மருத்துவரை அவருடைய அறையிலேயே கத்தியால் குத்தினார். தாய்க்குச் சரியான சிகிச்சை தரப்படவில்லை என்ற கோபம் காரணமாகச் சொல்லப்பட்டது. மருத்துவர் பிழைத்துக்கொண்டார். மருத்துவமனைகளில் வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. அதற்குப் பிறகும் இது நடந்தது.

அந்தக் கத்திக்கு எந்த நியாயமும் கிடையாது. இதை எழுதும்போது என் குரலில் தயக்கம் எதுவும் இல்லை. ஆனால் அதன் விளைவு யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பயந்த மருத்துவர் ஆபத்தான நோயாளியைத் தொடத் தயங்குவார். "எதற்கும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். நாளை கேள்வி வந்தால் காட்ட வேண்டுமே என்று இரண்டு பரிசோதனை கூடுதலாக எழுதுவார். அந்தக் கூடுதல் பரிசோதனையைப் பார்த்து அடுத்த நோயாளி சந்தேகப்படுவார். மருத்துவர் நோயாளியை நம்புவதும் இந்தக் கணக்கில் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

குறை இருந்தால் கேட்க வழிகள் இருக்கின்றன. பலருக்கு அவை தெரிவதில்லை. நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தெளிவாக்கியது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் அந்த வரம்புக்குள் வராது. அங்கே பாதிக்கப்பட்டவர் மற்ற நீதிமன்றங்களைத்தான் நாட வேண்டும். ஏழை நோயாளிக்கு நீளமான பாதை மிஞ்சியிருப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. இரண்டாம் கருத்துக் கேட்பதும் நோயாளியின் உரிமைதான். "இன்னொரு டாக்டரிடம் காட்டுகிறேன்" என்று சொன்னால் முகம் சுளிக்காத மருத்துவரிடம் மக்கள் திரும்பி வருவதைக் கவனித்திருக்கிறேன்.

மீண்டும் அலமாரி

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் வீட்டுக்கே அந்தந்தப் பகுதிப் பெண் தன்னார்வலர்கள் வந்து, அழுத்தம் பார்த்து, மாத்திரை தந்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர் அடுத்த தெருப் பெண். அவருடைய மாமியாரும் அம்மாச்சியும் ஒன்றாகக் கோயிலுக்குப் போகிறவர்கள். முதல் மாதம் அவர் திண்ணையில் உட்கார்ந்து, கையில் பட்டையைச் சுற்றி, அளவைச் சத்தமாகப் படித்து, ஒரு நோட்டில் எழுதிக் காட்டினார். அடுத்த மாதம் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது; அதையும் நோட்டில் பக்கத்திலேயே எழுதினார். அதே கவர்மெண்ட் மாத்திரை. அதே முத்திரை. அட்டைகள் சாமி படத்துக்குப் பின்னால் போகவில்லை. அடுப்படியில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், தினமும் கை படும் இடத்தில் இருந்தன.

ஒரு மாதம் வெள்ளை மாத்திரைக்குப் பதிலாக இளஞ்சிவப்பு மாத்திரை வந்தது. அம்மாச்சி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, நிறம் மாறியிருக்கிறதே, இது வேறு மருந்தா?"

"மருந்து அதேதான் பாட்டி. இந்தத் தடவை வேறு கம்பெனி செய்து கொடுத்திருக்கிறது. பெயரைப் பாருங்கள், பழைய அட்டையை எடுத்துவாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்."

அம்மாச்சிக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எழுந்து போய்ப் பழைய அட்டையை எடுத்துவந்தார். இருவரும் எழுத்தோடு எழுத்தாக, விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.